வெரோனிக்காவைத் துரோகி ஆக்காதீர்கள்

ஃபிலிம் சொசைட்டிகளின் திரையிடல் பொறுப்பாளர்களுக்கும், இணையத் திரைத்தளங்களில் தமிழ் சப்டைட்டில் ஏற்றும் பிரிவினருக்கும்,

‘கொக்குகள் பறக்கின்றன’ படத்தை உங்களில் ஒரு அமைப்பு அண்மையில் திரையிட்டது. படம் திரையின் அகலத்துக்கு இழுக்கப்பட்டிருந்தது. விமானத் தாக்குதல் இரவின் ஒரு பகுதி வெட்டப்பட்டிருந்தது. சப்டைட்டில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தது. அறிமுகக் குறிப்பில் நாயகியைக் குறித்து ‘துரோகம்’ என்ற சொல் இருந்தது. நான்கும் தனித்தனிக் கவனக்குறைவுகளாக உங்களுக்குத் தோன்றலாம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்கின்றன: வெரோனிக்கா என்ற பெண்ணுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுகின்றன. அந்தத் தீர்ப்பை எழுத மறுப்பதற்காகவே இந்தப் படம் எடுக்கப்பட்டது. அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறோம்.

படத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக. 1957-இல் சோவியத் அரசுப் படநிறுவனமான மோஸ்ஃபிலிம் தயாரித்தது. இயக்கம் மிகயீல் கலத்தோசவ், ஒளிப்பதிவு செர்கேய் உருசெவ்ஸ்கி, நாடகமாக எழுதிப் பிறகு திரைக்கதையும் எழுதியவர் விக்டர் ரோசவ். 1958 கான் திரைப்பட விழாவில் உயரிய விருதான தங்கப்பனையைப் பெற்றது. 1941 ஜூன் 22 விடிகாலையில் மாஸ்கோ தெருக்களில் போரிஸும் வெரோனிக்காவும் சிரித்துக்கொண்டு சுற்றுகிறார்கள். அன்றே போர் தொடங்குகிறது. அவன் போகிறான், சேற்றுக்காட்டில் சாகிறான். அவன் செத்தது அவளுக்குத் தெரியாது. வீடும் பெற்றோரும் குண்டில் போன பிறகு போரிஸின் வீட்டில் ஒண்டியிருக்கும் அவளை, அவன் உறவினன் மார்க் மணந்துகொள்கிறான். ஸ்டாலின் காலத் திரைப்படமாக இருந்தால் அவள் காத்திருந்திருப்பாள், அல்லது தண்டனை பெற்றிருப்பாள். 1956 பிப்ரவரியில், ஸ்டாலினைக் குருஷேவ் கண்டித்த இருபதாம் கட்சிக் காங்கிரஸ் நடந்த பிறகு, தவறிய ஒருத்தியைத் தண்டிக்காமல் கூடவே நடந்துபோகும் படம் ஒன்றை எடுக்க முடிந்தது. இதன் பெருமை அங்கேதான் இருக்கிறது.

முதலில் சட்டகம். படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.37:1. அகலத்தைவிட உயரத்தில் வாழும் படம் இது. படிக்கட்டு, பிர்ச் மரங்கள், கூட்டத்துக்கு மேலே எழும் கேமரா எல்லாம் உயரத்துக்காக யோசிக்கப்பட்டவை. இதை 16:9 திரையில் நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் 23 விழுக்காடு போய்விடும். வெட்டாமல் இழுத்தால் ஒவ்வொரு முகமும் 30 விழுக்காடு அகலமாகும். உருசெவ்ஸ்கி அகலக்கோண லென்ஸை முகத்துக்கு மிக அருகில் வைப்பவர். ஓரங்கள் ஏற்கெனவே வளைந்திருக்கும். அதன்மேல் இழுப்பும் சேர்ந்தால், வெரோனிக்காவாக நடிக்கும் தத்தியானா சமோய்லவாவின் முகம் பரிகாசச் சித்திரம் ஆகிவிடுகிறது. அரங்கில் எழும் சிரிப்பு அவள் துயரத்தின் மேல் விழுகிறது.

போரிஸ் படிக்கட்டில் அவள் பின்னால் ஓடி ஏறும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா அவனோடு சுழன்றுகொண்டே மாடி மாடியாக மேலே போகிறது. அவன் குண்டடிபட்டுச் சாயும்போது பிர்ச் மரங்களின் உச்சி சுழல்கிறது, அதே படிக்கட்டுச் சுழற்சி திரும்ப வருகிறது, நடக்காமல் போன திருமணம் அதன்மேல் படிகிறது. இந்த இரண்டு சுழற்சியும் ஒன்றே என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் அவன் கடைசி நொடியிலும் அவளிடம் ஏறிக்கொண்டிருந்தான் என்பது புரியும். மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் வெட்டப்பட்ட பதிப்பில் அது வெறும் தலைசுற்றல்.

செய்ய வேண்டியது எளிது. 1920×1080 திரையில் படம் 1480 புள்ளி (பிக்சல்) அகலத்தில் நடுவில் நிற்க வேண்டும். இருபுறமும் 220 புள்ளி கறுப்பு. திரையரங்குகளுக்கான டிஜிட்டல் கோப்பான டிசிபியில், ‘ஃப்ளாட்’ என்ற அளவு என்றால் 1998 புள்ளியில் அதே 1480, இருபுறமும் 259. அரங்கில் பக்கத் திரைச்சீலை இருந்தால் அதைப் படத்தின் விளிம்புவரை இழுத்துவிடுங்கள். கறுப்புப் பட்டை கண்ணை உறுத்துகிறது என்பவர்களுக்கும் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். டிவியில் காட்டினால் பட அளவு ‘ஆட்டோ’ அல்லது ‘ஒரிஜினல்’. ‘ஜூம்’, ‘வைடு’ வேண்டாம். பல டிவிகளில் ஓவர்ஸ்கேன் என்ற அமைப்பு தானாகவே ஓரங்களைத் தின்னும், அதையும் அணைக்க வேண்டும்.

அடுத்தது ஓட்டம். வெரோனிக்கா பேருந்திலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் ஓடும் காட்சியில் கையில் பிடித்த கேமரா பேருந்துக்குள்ளிருந்தே அவளோடு வருகிறது. இறங்குகிறது, கூட்டத்தில் இடிபடுகிறது, அப்படியே கிரேனில் ஏறி, டாங்குகளுக்கு நடுவே அவள் சிறு புள்ளியாக ஓடுவதை மேலிருந்து காட்டுகிறது. டிவியின் மோஷன் ஸ்மூத்திங் இயங்கினால் நொடிக்கு 24 சட்டத்துக்கு (ஃபிரேம்) நடுவே இல்லாத சட்டங்களைக் கருவி தானே வரைந்து சொருகும். கையின் நடுக்கம் வழவழப்பாகிவிடும், டாங்கின் விளிம்பில் பிசிறு தெரியும், அவசரமே போய்விடும். இந்த அமைப்பு வெவ்வேறு பெயர்களில் மெனுவில் ஒளிந்திருக்கிறது. ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். மடிக்கணினியிலிருந்து காட்டினால் வெளியீட்டை 24 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 60-இல் விட்டால் ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாக வந்து, கேமரா திரும்பும்போதெல்லாம் தடுக்கும்.

கையிலிருக்கும் கோப்பின் நீளத்தையும் பாருங்கள். படம் சுமார் 97 நிமிடம். உங்கள் கோப்பு 93-ஐ ஒட்டி முடிந்தால் இரண்டில் ஒன்று: வெட்டப்பட்டிருக்கிறது, அல்லது ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக 25 சட்டத்துக்கு வேகப்படுத்தியது. இரண்டாவதில் எல்லாக் குரலும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலேறியிருக்கும். போரிஸாக நடிக்கும் அலெக்சேய் பத்தாலவின் தாழ்ந்த குரலில் அது உடனே தெரியும். ஒலி மூலத்தில் ஒற்றைத் தடம். அதை நடு ஒலிபெருக்கியில் மட்டும் விடுங்கள், ‘சரவுண்ட்’ வேண்டாம். குண்டு விழுந்த வீட்டின் கதவை அவள் திறக்கிறாள். கதவுக்கு அப்பால் வீடு இல்லை, ஆனால் கடிகாரம் டிக் டிக் என்கிறது. போலிச் சரவுண்டில் அந்த ஒலி அரங்கின் பின்சுவரிலிருந்து வரும்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு டிவியின் ‘விவிட்’ நிலை பெருங்கேடு. வெண்மை நீலம் பூசிக்கொள்கிறது, சேற்றுக்காட்டின் இருட்டு ஒரே தார் ஆகிவிடுகிறது. வண்ண வெப்பத்தை ‘வார்ம்’ பக்கம் வையுங்கள்.

இவை அரை மணியில் முடிகிற வேலைகள். இதைவிட நெடிய வேலை மொழியில் இருக்கிறது.

உங்கள் சப்டைட்டில்கள் ஆங்கிலம் வழியாக வருகின்றன. ரஷ்யத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு தமிழைப் போலவே உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது கிடையாது. ஆகவே ரஷ்யத்தில் இருந்து, தமிழிலும் இருந்து, நடுவழியில் தொலைந்துபோன ஒன்றைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஊகித்து எழுதுகிறார். போரிஸும் வெரோனிக்காவும் ஒருவரையொருவர் ‘நீ’ என்கிறார்கள். போரிஸின் தந்தையான மருத்துவரை அவள் ‘ஃபியோதர் இவானோவிச்’ என்று தந்தை பெயரும் சேர்த்து மரியாதையாக அழைக்கிறாள். இடம் போதவில்லை என்று அதை ‘ஃபியோதர்’ எனக் குறுக்கினால், வீட்டுப் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அடங்காத பெண்ணாக அவள் தமிழ்க் காதில் விழுகிறாள். முழுப் பெயரும் வரட்டும். இடமே இல்லையென்றால் ‘ஐயா’ போதும்.

மார்க் போரிஸுக்கு அண்ணன் தம்பி முறை. ஆங்கிலத்தின் ‘கசின்’ வழியாக வந்தால் ‘மச்சான்’ ஆகிவிட வாய்ப்பு உண்டு. இந்த உறவுக்கான ரஷ்யச் சொல்லுக்குள்ளேயே ‘சகோதரன்’ என்ற சொல் இருக்கிறது. ஒரு வீட்டுக்குள், சகோதரன் போருக்குப் போயிருக்கும்போது, அவனுக்கென்று இருந்தவளிடம் இன்னொரு சகோதரன் நடந்துகொண்ட விதம் இது. முறை மாறினால் குற்றத்தின் எடையும் மாறிவிடும்.

போரிஸ் அழைப்பாணைக்குக் காத்திராமல் தானாக முன்வந்து படையில் சேர்கிறான். ஆங்கிலச் சொல்லை அப்படியே ‘தொண்டர்’ என்று மாற்றினால் கட்சிக் கூட்டமும் வெள்ள நிவாரணமும்தான் நினைவுக்கு வரும். ‘தானே பெயர் கொடுத்தான்’ என்றால் எல்லோருக்கும் புரியும். மார்க் குறுக்கு வழியில் பெற்றது படைச்சேவையிலிருந்து விலக்கு. அதற்கான ரஷ்யச் சொல்லுக்கு ‘ஒதுக்கீடு’ என்ற பொருளும் உண்டு. இயந்திர மொழிபெயர்ப்பு அதை ‘இடஒதுக்கீடு’ என்று தந்தால் இங்கே பொருள் எங்கேயோ போய்விடும். ‘ஃப்ரண்ட்’ என்பது போர்முனை. ‘முன்னணி’ அல்ல.

போரிஸைப் பற்றி வரும் செய்தி, அவன் எங்கே என்று தகவல் இல்லை என்பது. அதை ‘வீர மரணம்’ என்று எழுதிவிட்டால் திரும்பும் வீரர்களுக்குள் அவனைத் தேடி அவள் கடைசியில் ரயில் நிலையத்துக்குப் போவதற்கே காரணம் இருக்காது. ‘காணாமல் போனான்’ என்பது ஏறக்குறைய சரி. ஆனால் அந்தச் சொல் தமிழில் சுமக்கும் பாரத்தையும் மொழிபெயர்ப்பாளர் அறிந்திருக்க வேண்டும். 2017 முதல் இலங்கையின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கொட்டகை போட்டு உட்கார்ந்த தாய்மார் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற சொல்லை உயர்த்திப் பிடித்தது சும்மா இல்லை. உடலைப் பார்க்காதவரை நம்ப மாட்டேன் என்று நிற்கும் ஒருத்தியைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. சொல்லைச் சரியாக வைத்தால் போதும்.

எங்களை மிகவும் வருத்துவது ‘பெல்கா’. போரிஸ் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறான். ரஷ்யத்தில் அது அணில். போர்முனைக்குப் புறப்படும் முன் அவள் பிறந்தநாளுக்காக ஒரு பொம்மை அணிலைப் பாட்டியிடம் விட்டுப்போகிறான். அணிலின் கூடையில், கொட்டைகளுக்கு அடியில், ஒரு கடிதம் இருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. பல மாதம் கழித்து, மார்க் அந்தப் பொம்மையை வேறொரு பெண்ணுக்குப் பரிசாகக் கொடுத்த பிறகுதான் கடிதம் வெளியே வருகிறது. கூப்பிட்ட பெயரும் பொம்மையும் ஒன்று. சப்டைட்டிலில் ‘பெல்கா’ என்றே விட்டுவிட்டால் இந்த முடிச்சு அவிழ்ந்து விழுந்துவிடும். வெரோனிக்கா ஒரு பொம்மைக்காக ஏன் தெருவில் ஓடுகிறாள் என்று பார்வையாளர் விழிப்பார். முதல் காட்சியிலிருந்து ‘அணில்’ என்று எழுதுங்கள். தமிழில் அது எவ்வளவு இயல்பான செல்லப்பெயர்.

தலைப்பும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர்கள் ‘கொக்கு’க்குத் தங்கள் மொழியில் உள்ள சொல் விலைமாதைக் குறிக்கும் வசையாகவும் இருப்பதால் நாரை என்று மாற்றிக்கொண்டார்கள். தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும். படத்தின் வானத்தில் வருபவை கழுத்தை நீட்டி, அம்பு முனை போல வரிசை கட்டி வலசை போகிறவை. தூது போகும் செங்கால் நாரையை அறிந்த மொழியில் ‘நாரை’ என்று வைத்தாலும் மனம் ஒப்பும். எதை வைத்தாலும் ஒன்றையே வையுங்கள். தலைப்பில் கொக்கு, வெரோனிக்கா சொல்லும் சிறுபிள்ளைப் பாட்டில் நாரை, கடைசி வானத்தில் வெறும் ‘பறவைகள்’ என்று மூன்று விதமாக வந்தால், நான்கு வருடப் போரைத் தாண்டி அவை திரும்பிவந்தன என்பதே தெரியாமல் போகும்.

எழுத்துரு பற்றியும் சொல்லியாக வேண்டும். சப்டைட்டில் கோப்பு, எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்க வேண்டும். பழைய ஆன்சி குறியாக்கத்தில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். சப்டைட்டிலைப் படத்திலேயே நிரந்தரமாகப் பதிக்கும்போது எழுத்துகளைக் கோக்கும் நிரல் இல்லாத மென்பொருளைப் பயன்படுத்தினால் ‘போரிஸ்’ என்ற பெயரின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டும், அல்லது புள்ளி வட்டம் முளைக்கும். திரையிடலுக்கு முன் ‘கொக்கு’, ‘போரிஸ்’, ‘வெரோனிக்கா’ மூன்றையும் ஒரு வரியில் இட்டு, அதே கருவியில், அதே திரையில் ஓட்டிப் பாருங்கள்.

வரி நீளத்துக்கு ஆங்கிலத்தின் ‘வரிக்கு 42 எழுத்து’ என்ற வரம்பை அப்படியே விதிக்காதீர்கள். பல மென்பொருள்கள் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுவதில்லை, குறியெண்களை எண்ணுகின்றன. ‘வெரோனிக்கா’ நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்குப் பத்து. இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டுதான் மொழிபெயர்ப்பாளர்கள் ஃபியோதர் இவானோவிச்சை வெட்டுகிறார்கள். எழுத்தாக எண்ணி வரிக்கு 20 முதல் 24, இரண்டு வரிக்கு மேல் போகாமல் வைத்தால் படிக்க வசதியாக இருக்கும். வரிகள் 1480 புள்ளி அகலத்துக்குள் அடங்கட்டும், கறுப்புப் பட்டைக்குள் நீள வேண்டாம். வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டாயம். கடைசிக் காட்சியில் வெரோனிக்கா வெள்ளை உடையில், கையில் பூக்களோடு, வெயிலில் நிற்கிறாள். விளிம்பில்லாத எழுத்து அவள் உடையில் கரைந்துவிடும், போரிஸின் நண்பன் ஸ்தெபான் சொல்வது யாருக்கும் எட்டாது.

இப்போது வெட்டு. விமானத் தாக்குதல் இரவில் பாதாள அறைக்குப் போக மறுத்து வெரோனிக்கா வீட்டில் இருக்கிறாள். மார்க் பியானோ வாசிக்கிறான். சைரன், குண்டு, ஜன்னல் உடைகிறது. அவன் நெருங்குகிறான், அவள் ‘இல்லை’ என்று சொல்லிச் சொல்லி அறைகிறாள், திரும்பத் திரும்ப அறைகிறாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது காலடியில் கண்ணாடி நொறுங்குகிறது. அடுத்து போரிஸ் சேற்றில் நடக்கிறான், சாகிறான். அதற்குப் பிறகுதான் திருமணச் செய்தி.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சங்கடம் என்று இதை வெட்டியதாகச் சொல்லப்படுகிறது. திரையில் நிர்வாணம் இல்லை, முத்தக் கொண்டாட்டம் இல்லை. ஒரு பெண் மறுப்பதுதான் இருக்கிறது. அந்த மறுப்பை எடுத்துவிட்டால் மீதியிருப்பது, காதலன் போர்முனையில் இருக்கையில் அவன் உறவினனை மணந்த ஒருத்தி. மறுத்ததற்கான சாட்சியத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அறிமுகக் குறிப்பில் ‘துரோகம்’ என்று எழுதுவது அநியாயம். மூன்று காட்சிகளின் வரிசையும் தற்செயல் இல்லை. அவள் வீழ்வதும் அவன் வீழ்வதும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது, இரண்டையும் ஒரே போர் செய்தது என்று காட்டத்தான்.

மருத்துவமனைக் காட்சியைத் தனியாக எடுத்துத் துணுக்காகப் பரப்புவதும் இதே தவறு. காத்திருக்காத காதலியால் நொறுங்கிப்போன காயம்பட்ட வீரன் ஒருவனைத் தேற்ற, ஃபியோதர் இவானோவிச் அப்படிப்பட்ட பெண்களை மன்னிக்கவே முடியாது என்கிறார். அதே அறையில் தாதியாக நிற்கும் வெரோனிக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேச்சு படத்தின் தீர்ப்பு அல்ல. அவள் சாவதற்கு ஓடுவதும், வழியில் லாரிக்கு முன் நிற்கும் சிறுவனைக் காப்பாற்றுவதும், அவன் பெயரும் போரிஸ் என்று அறிவதும் அதற்குப் படம் தரும் பதில். பதிலை விட்டுவிட்டுக் குற்றச்சாட்டை மட்டும் பகிர்ந்தால், கீழே வரும் கருத்துகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

வெட்டப்பட்ட பதிப்பை இனி எங்கும் காட்டாதீர்கள். மோஸ்ஃபிலிம் மீட்டெடுத்த பதிப்பை உரிமையோடு பெற்று முழுமையாகக் காட்டுங்கள். காட்ட முடியாது என்று ஒரு காட்சியைப் பற்றி உங்கள் குழு முடிவெடுத்தால், படத்தையே காட்டாமல் விடுங்கள். இடைவேளையும் வேண்டாம். 97 நிமிடத்துக்கு அது தேவையில்லை.

திரையிடல் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக ஒருவரை அனுப்பி, படிக்கட்டுக் காட்சியையும் கடைசிக் காட்சியையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விகிதம், ஓட்டம், ஒலி, எழுத்து நான்கும் இந்த இரண்டு காட்சியிலேயே பிடிபட்டுவிடும். அவர் ஒப்புக்கொள்ளாமல் விளக்கை அணைக்காதீர்கள்.

தமிழ் சப்டைட்டிலை ரஷ்யத்திலிருந்து நேரடியாகச் செய்யச் சொல்லுங்கள். மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்களை வீட்டில் வைத்து வளர்ந்த தலைமுறை நாம். ரஷ்யம் தெரிந்த தமிழர் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள், தேடுங்கள். அதுவரை ஆங்கிலம் வழி வந்ததையாவது ரஷ்யம் அறிந்த ஒருவரிடம் கொடுத்து நீ, நீங்கள், உறவுமுறை, செல்லப்பெயர் ஆகியவற்றைச் சரிபாருங்கள். அந்த வேலைக்குக் கூலி கொடுங்கள், மொழிபெயர்த்தவர் பெயரைப் படத்தின் முடிவில் போடுங்கள்.

மருத்துவமனைப் பேச்சை மட்டும் நறுக்கி ஏற்றிய காணொளிகளை நீக்குங்கள்.

அறிமுகக் குறிப்பிலிருந்து ‘துரோகம்’ என்ற சொல்லை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். போரிஸ் சாகிறான் என்பதையும் அதில் சொல்லாதீர்கள். அவன் சாய்வதைப் படத்தில் பார்த்தவர்களும், ரயில் நிலையத்தில் வெரோனிக்காவுக்கு அது உறுதியாகும்போதுதான் அவளோடு சேர்ந்து அதை ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
சப்டைட்டில், திரையிடல் வேலைகளில் இருக்கும் சிலர்